உள்பக்கம் குறித்த தகடு

நான்காவது துளை ஒத்துவரவில்லை. மூன்றாவதே சந்தேகந்தான், திருகைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் இறங்கிவிடும் என்று வசந்தாமணி தன்னையே ஏய்த்துக்கொண்டிருந்தாள். நான்காவதில் ஏய்க்கவும் இடமில்லை. மதர்போர்டின் ஓட்டை ஒரு இடத்தில், அலுமினியத் தகட்டின் ஓட்டை இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு இடத்தில். போர்டை எடுத்துத் துடைத்தாள். துடைத்தால் ஓட்டை நகர்ந்துவிடுமா என்ன, ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. திரும்ப வைத்தாள். அப்போதும் ஒத்துவரவில்லை. வெட்டுமேசை மேல் தகடு நாலு ஓரமும் எழும்பி ஒரு பெரிய தாம்பாளம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்த நாலு ஓரத்தையும் இரண்டு இரும்புப் பட்டைக்கு நடுவே கவ்வவைத்து, மரக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி அவளே மடித்தாள். எதிர்ப் பட்டறைக்காரர் வாசலில் நின்று, "கொண்டாங்கக்கா, ரெண்டு நிமிசத்துல மிசின்ல மடிச்சுத் தர்றேன்" என்று சொல்லத்தான் சொன்னார். ஆவாரம்பாளையத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு லேத்து. தகட்டை மடிக்கத் தெரியாதவன் இந்தத் தெருவில் எவனும் இல்லை. இருந்தாலும் வேண்டாம் என்றாள். அவர் மடித்துக் கொடுத்தால் கம்ப்யூட்டருக்கென்று செய்கிற இந்தப் பெட்டி அவர் செய்ததாகிவிடும். 'அண்ணியா செஞ்சாங்க, எதுத்த பட்டறையில செஞ்சு கொடுத்தாங்க' என்று கொழுந்தன் தனசேகர் ஊர் பூராவும் சொல்வான், சிரித்துக்கொண்டே சொல்வான், அவனுக்குக் கோபமே வராது, அதுதான் அவனிடம் அவளுக்குப் பிடிக்காதது. மணி ஒன்பது இருபது. பதினொன்றுக்குள் இந்தப் பெட்டிக்குள் கம்ப்யூட்டர் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் தனசேகர் ஆட்டோ பிடித்து வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்படித்தான் பேச்சு.

பேச்சு என்றால் யார் பேசிய பேச்சு, அவள் பேசியதுதான். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போகிற நேரம். கம்ப்யூட்டர் இரண்டாவது முறையாகச் செத்து நாலு நாள் ஆகியிருந்தது. தையல்கடையில் கம்ப்யூட்டர் வைத்தால் அது சாகத்தான் சாகும் என்று எல்லாருமே சொன்னார்கள், அது பொய்யும் இல்லை. நாள் முழுக்கத் துணி வெட்டுகிற இடம், காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் நூல்பிசிறு பறந்துகொண்டே இருக்கிறது, அதை உள்ளிருக்கிற ஃபேன் இழுத்து இழுத்து வயிறு நிறைத்துக்கொள்கிறது. முதல் பெட்டி கருகிய வாசனையோடு போனது. இரண்டாவது, ஃபேனே சுற்றமுடியாமல் நின்றுபோனது. சர்வீஸ் பையன் மூடியைக் கழற்றிவிட்டு, "அக்கா, இதுக்குள்ள இருக்கறதை வெச்சு ஒரு தலகாணி தைக்கலாமுங்க" என்றான். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து வெகுநேரம் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் போன தீபாவளிக்குத் தைத்த மாம்பழ மஞ்சள் இருந்தது, யாரோ ஒரு கல்யாணப்பெண்ணின் அரக்குச் சிவப்பு இருந்தது, எல்லாம் அவள் கையில் வெட்டியது. தனசேகர் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து ரொம்ப அக்கறையாகத்தான் பேசினான். "இங்க இருந்தா மறுபடியும் போயிருமுங்க அண்ணி. நம்ம ஜெராக்ஸ் கடையில ஏசி இருக்குது, அங்க வெச்சுக்கலாம். டிசைன் போடணும்னா நீங்க அங்க வந்து போட்டுக்குங்க." வந்து போட்டுக்கொள்ள வேண்டுமாம். அவன் கடையில், அவன் நாற்காலியில், அவன் ஆதார் அட்டை லேமினேஷன் போட்டு முடிக்கும்வரை காத்திருந்து. முந்நூற்று நாற்பது எம்ப்ராய்டரி டிசைன் இருக்கிறது அதில், ஆறு வருஷமாக ஒவ்வொரு தையலாக வரைந்து சேர்த்தது, ரவிக்கைக் கைக்கு, முதுகுக்கு, கழுத்தோரத்துக்கு. ஒருமுறை அவன் சொல்லியும் இருக்கிறான், நாலு பேருக்குக் கொடுத்தால் தேய்ந்தா போகும் அண்ணி என்று. இவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து தலையைத் துவட்டுகிற துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அவன் சொல்றதும் சரிதானே" என்றார். அங்கேதான் இவள் நாக்கு நீண்டது. "நானே ஒரு பெட்டி செய்யறேன். பிசிறு போகாத பெட்டி. வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குள்ள ஓடலீன்னா எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். பதினொரு மணி எங்கிருந்து வந்தது? இருபத்திரண்டு வருஷமாக வாடிக்கைக்காரிகளிடம் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன நேரம் அது. பதினோரு மணிக்கு வாங்க, கொக்கி மட்டும் பாக்கி.

சரி, துளை ஏன் ஒத்துவரவில்லை. அளவு தப்பா? டேப்பைக் கழுத்திலிருந்து உருவி அளந்தாள். ஓரத்திலிருந்து முதல் துளை சரி. முதலுக்கும் இரண்டாவதுக்கும் சரி. எட்டுத் துளையும் ஒன்றுக்கொன்று சரியாகத்தான் இருக்கின்றன, ஆனால் போர்டு உட்கார மறுக்கிறது. காக்கித்தாளை எடுத்தாள். போர்டை அதன் மேல் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து, எட்டு ஓட்டையையும் ஊசியால் குத்தி எடுத்த தாள். ரவிக்கைக்குத் தாள் வெட்டுவது போலத்தான் செய்தாள், அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும், அதில் தப்பு வராது. தாளைத் தகட்டின் மேல் வைத்தாள். இல்லை. தாளைத் திருப்பிப்போட்டு வைத்தாள். எட்டும் எட்டோடு பொருந்தியது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது, உறைத்த இடத்திலிருந்து சூடு காதுவரை இறங்கியது. உள்பக்கம் குறித்துவிட்டாள். துணி என்றால் சாக்கட்டி முகப்பக்கம் படக்கூடாது, உள்பக்கந்தான் குறிக்க வேண்டும், அதைப் பதினாறு வயதில் கற்றுக்கொண்ட கை இன்றைக்கு நாற்பத்தைந்து வயதில் அலுமினியத் தகட்டைக் கொடுத்தாலும் முதலில் திருப்பித்தான் போடுகிறது. பளபளப்பான பக்கம், போர்டு உட்காரப்போகிற பக்கம், அதில் கீறல் விழக்கூடாது என்று பின்னால் திருப்பி, தாளை வைத்து, குறித்து, துளையும் போட்டாகிவிட்டது, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது வலதாகிவிட்டது. துணியில் இதே தப்பை ஆயிரம் தடவை செய்திருப்பாள், ஒருநாளும் தப்பாகத் தெரிந்ததில்லை. துணியை இரண்டாக மடித்துத்தானே வெட்டுகிறோம், இடதும் வலதும் ஒன்றாகவே பிறக்கின்றன, எது எதன் பக்கம் என்று யார் கேட்டார்கள். தகட்டை மடித்தா வெட்டமுடியும். ஒற்றைப் பிள்ளை, அதுவும் திரும்பிப் பிறந்துவிட்டது. மாற்றுத் தகடு இல்லை. இருந்தாலும் வெட்டி, மடித்து, துளையிட ஒரு முழு நாள் வேண்டும். கொட்டாப்புளி பிடித்த உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து எரிந்தது. அழலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், நிஜமாகவே நினைத்தாள். கடைக் கண்ணாடி வழியே பட்டறைக்காரர் பார்த்துவிடுவார் என்பதற்காக அழவில்லை.

நாச்சிமுத்து காப்பி கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காப்பி அவர் போடுவது, அதில் குறை சொல்ல முடியாது. "ஆகுதா?" என்றார். "ஆகுதுங்க." "இல்லீன்னா தனா சொல்ற மாதிரி வெச்சுக்கலாம் வசந்தா, அதுல ஒண்ணும் தப்பில்ல, குடும்பத்துக்குள்ளதான இருக்குது அவன் கடையும்." அவருக்குப் பயம், அவளுக்கும் அது தெரியும். மூன்று நாளாகத் தூங்கப்போகும்போது அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார், துணியைக் கட்டி வைக்கிறாயே தீப்பிடித்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று. பெட்டியின் இடப்பக்கம் தகடு கிடையாது. ஆரி வேலைக்குத் துணியை இழுத்துக் கட்டுகிற மாதிரி ஒரு மரச்சட்டம், அதில் ரவிக்கை லைனிங் துணியை விறைப்பாக இழுத்து ஆணியடித்திருந்தாள். காற்று அந்தத் துணி வழியாகத்தான் உள்ளே போகவேண்டும், பிசிறு வெளியிலேயே நின்றுவிடும், வாரத்துக்கு ஒருமுறை துணியைக் கழற்றி அலசிப் போட்டால் ஆயிற்று. இது அவளாக யோசித்தது, ஒருத்தனும் சொல்லிக்கொடுக்கவில்லை. துணி தாங்குமா என்று அவளும் பயந்தாள், பயந்ததால்தான் சோதித்தும் பார்த்தாள். போர்டையும் மற்றதையும் அட்டைமேல் பரப்பி, சட்டத்தை முன்னால் நிறுத்தி, நாலு மணிநேரம் ஓடவிட்டுத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கைக்குழந்தையின் நெற்றி அளவுக்குக்கூடச் சுடவில்லை. இதே மேசையில், இருபத்திரண்டு வருஷமாக, ஊரார் பட்டுக்கு நடுவே நாளெல்லாம் இஸ்திரிப்பெட்டி கொதித்துக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி இந்த வீட்டில் ஒருத்தரும் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. இஸ்திரிப்பெட்டி பொம்பளை பிடிக்கிற சாமான், அதனால் அதில் தீ இருப்பதே யார் கண்ணுக்கும் படாது போலிருக்கிறது. கம்ப்யூட்டர் என்றதும் அத்தனை பேருக்கும் அக்கறை. ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் நல்லதற்குத்தான் வந்தது, அழுகை எங்கோ போய்விட்டது. காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள்.

குடித்த டம்ளரை வைக்க இடம் வேண்டித் தகட்டைத் தூக்கித் திருப்பிப் போட்டாள். மேசைமேல் அது குப்புறக் கவிழ்ந்துகொண்டது, மடித்த ஓரம் நாலும் கீழே, சமமான முதுகு மேலே. டம்ளரை வைத்துவிட்டுப் போர்டைக் கையில் எடுத்தாள். முதுகில் வைத்தாள். எட்டுத் துளையும் எட்டு ஓட்டைக்கு நேராக வந்து நின்றன. அது வரும், வராமல் எங்கே போகும், தாள் அந்தப் பக்கந்தானே வைத்தது. ஆனால் மடிப்பு தப்பான பக்கம் போய்விட்டதே, பெட்டிக்குள் போகவேண்டிய ஓரம் வெளியே அல்லவா நிற்கும், தையல் வெளியே தெரிகிற ரவிக்கை மாதிரி. தெரிந்தால் என்ன. இந்த எண்ணம் வந்ததும் அவளே கொஞ்சம் திடுக்கிட்டாள். தெரிந்தால் என்ன ஆகிவிடும்? ஏற்கெனவே வெட்டிவைத்த மேல்தகடும் கீழ்த்தகடும் அந்த ஓரத்தில்தானே திருகி நிற்கவேண்டும், ஓரம் உள்ளே இருந்தால் என்ன வெளியே இருந்தால் என்ன. திருகுக்கு வைத்த துளைகள்? அவை கொக்கி வைக்கிற கணக்கில் இரண்டங்குலத்துக்கு ஒன்று, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஒன்றுதான். வைத்துப் பார்த்தாள், பொருந்தியது. ஆனால் தகடு ஓர் அங்குலம் உள்ளே தள்ளிப்போனதால் பெட்டியின் அகலம் அவ்வளவு குறைந்தது. போர்டின் மேலிருக்கிற ஃபேன் துணிச்சட்டத்தில் இடிக்குமா? அளந்தாள். அரை அங்குலம் இடைவெளி இருந்தது. அது எப்படி மிஞ்சியது என்று யோசித்தாள், சிரிப்பு வந்துவிட்டது. எல்லா அளவிலும் தையலுக்கு விடுகிற மாதிரி கொஞ்சம் தாராளமாக விட்டிருக்கிறாள், இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அதெல்லாம் வேண்டியதில்லை என்று தெரிந்தே. பிற்பாடு பிரித்துப் பெரிசாக்க வேண்டிவந்தால் துணி வேண்டுமே என்று விடுகிறது, பழக்கம். இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது, அது சின்ன வேலை இல்லை. போர்டின் ஒயர் சொருகுகிற வாய்கள் வெளியே வர, பின்தகட்டில் நீளமாக ஒரு ஜன்னல் வெட்டவேண்டும். நல்லவேளை, இன்னும் வெட்டவில்லை. ரவிக்கையிலும் கழுத்தைக் கடைசியில்தான் வெட்டுவாள். இனி அதைத் தள்ளிப்போன அளவுக்குப் புதிதாகக் குறிக்கவேண்டும், வரிசையாகத் துளைபோட்டு, நடுத்துண்டைத் தட்டி எடுத்து, நாலு ஓரமும் அரத்தால் ராவவேண்டும். இந்தத் தடவை குறிக்கும்முன் தகட்டை மூன்றுமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணி பத்தேகால்.

அரம் போட ஆரம்பித்தபின் நேரம் வேறு மாதிரி ஓடியது. கர்ரக் கர்ரக் என்று ஒரே சத்தம், அலுமினியப் பொடி மாவு மாதிரி மேசையில் விழுந்துகொண்டிருந்தது. வேகமாக ராவினால் ஓரம் கோணுகிறது, நிதானமாக ராவினால் கடிகாரம் முந்துகிறது. பத்தரை. பத்தே முக்கால். அவளால் ஆகாது என்று கணக்கு சொல்லிவிட்டது, கை மட்டும் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதானே, உள்பக்கம் குறித்தது நான்தானே, ஒருமணி நேரம் போனது என்னால்தானே. சொன்ன நேரத்தைக் காப்பாற்றித்தான் இந்தக் கடை இத்தனை வருஷம் நின்றது. மற்றவர்கள் நாளை வா, மறுநாள் வா என்று இழுத்தடிப்பார்கள், வசந்தாமணி பதினொன்று என்றால் பதினொன்று. காய்ச்சலோடு தைத்திருக்கிறாள். மாமியார் சாவுக்குப் பதினாறாம் நாள், வீட்டில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, உள்ளறையில் ஒரு பெண்ணின் நிச்சயதார்த்த ரவிக்கைக்குக் கொக்கி வைத்திருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, முடித்துக் கொடுத்துவிட்டுப் போனபோது அம்மா பேச்சை நிறுத்தியிருந்தாள். அந்த ரவிக்கை யாருடையது என்றுகூட இப்போது ஞாபகமில்லை. அதை நினைக்கவேண்டாம். அரம் நின்றது. எதற்காக அப்படி? யார் கேட்டார்கள்? கேட்ட நேரத்துக்கெல்லாம் கொடுத்துக்கொடுத்து, இவள் கொடுப்பாள் என்று ஊருக்கே பழகிவிட்டது, தனசேகருக்கும் பழகிவிட்டது, நாச்சிமுத்துவுக்கும். அதனால்தான் ஆட்டோவுக்குச் சொல்லிவைத்திருக்கிறான். இது ஊரார் ரவிக்கை இல்லை. இந்தப் பெட்டிக்கு அளவு கொடுத்தது யார், துணி கொடுத்தது யார், போட்டுக்கொள்ளப்போவது யார். எல்லாம் இவள். அப்புறம் எவனுக்காக இந்தப் பதினொரு மணி. அரத்தை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை நிதானமாக ராவினாள். வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது, நிமிர்ந்து பார்க்கவில்லை.

தனசேகர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தான். பின்னாலேயே நாச்சிமுத்துவும் வந்து நின்றார். தனசேகர் பெட்டியைச் சுற்றிப் பார்த்தான், வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தை விரலால் தடவினான். "என்னங்க அண்ணி, உள்ள இருக்க வேண்டியது வெளிய இருக்குது?" "ஆமாங்க தம்பி. திருப்பிக் குறிச்சுப்போட்டேன்." "அதுக்குத்தான் சொன்னேன், நமக்கெதுக்கு இந்தப் பொல்லாப்பு. சரி, மணி பதினொண்ணே கால் ஆச்சு. ஓடுதுங்களா?" "இன்னும் இல்ல." அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தரையைப் பார்த்தார். "அப்ப எடுத்து வெச்சுக்கட்டுங்களா? ஆட்டோ நிக்குது" என்று சொல்லி, மேசைமேல் துணி விரித்து வைத்திருந்த டிஸ்க்கைத் தொடக் கை நீட்டினான், முந்நூற்று நாற்பது டிசைனும் அதற்குள் இருந்தது. வசந்தாமணி அரத்தைக் கீழே வைக்காமலேயே அவனுக்கும் மேசைக்கும் நடுவில் வந்து நின்றாள். பயமாகத்தான் இருந்தது, அவள் குரல் மட்டும் எப்போதும் அளவு சொல்கிற குரலாகவே வந்தது. "கையை எடுங்க தம்பி. அது இங்கதான் இருக்கும். ஓடுனாலும் இங்கதான் இருக்கும், ஓடாட்டியும் இங்கதான் இருக்கும்." "அப்ப நீங்க சொன்னது? பதினோரு மணின்னு நீங்கதானுங்க சொன்னீங்க." "நாந்தான் சொன்னேன். சொன்னதுல தோத்துப்போயிட்டேன், ஒத்துக்கறேன். ஆனாக் குடுக்க மாட்டேன்." தனசேகருக்கு முதன்முறையாகச் சிரிப்பு நின்றுபோனது. "இதென்னங்ணா நியாயம்?" என்று அண்ணனிடம் கேட்டான். நாச்சிமுத்து மனைவியின் முகத்தைப் பார்த்தார், அவள் கையிலிருந்த அரத்தையும் உள்ளங்கைக் கொப்புளத்தையும் பார்த்தார். "நியாயம் இல்லதான்டா" என்றார். வாசலைக் காட்டி, "ஆட்டோவை அனுப்பிப்போடு" என்றார். அவன் வாசலில் நின்று போனில் யாரிடமோ ஏதோ சொன்னான், பிறகு அவன் ஏறிய ஆட்டோ போகிற சத்தம் கேட்டது. நாச்சிமுத்து மேசையிலிருந்த அலுமினியப் பொடியைக் கையால் கூட்டி அள்ளி வெளியே போட்டுவிட்டு வந்தார். அவள் வேலைக்குத் திரும்பினாள். ஜன்னல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, இன்னும் ஒரு மூலை கீறுகிறது என்று தெரிந்து, அதையும் ராவினாள். போர்டு தகட்டில் ஒட்டாமல் தாங்குகிற பித்தளைக் கால்கள் எட்டையும் முடுக்கினாள். போர்டை உட்காரவைத்து எட்டுத் திருகும் இறக்கினாள், எட்டும் நேராக இறங்கின. ஒயர்களைக் கட்டி, சட்டத்தைப் பொருத்தி, துணியில் ஒரு சுருக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்று அவள் நினைத்து முடிக்கும்முன், லைனிங் துணி உள்பக்கமாக ஒரு நூல் அளவு இழுபட்டு விறைத்தது. அதன்பிறகுதான் ஃபேன் சத்தம் காதில் விழுந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. போர்டிலிருந்த குட்டி பேட்டரி தீர்ந்துபோய், இத்தனை நாள் பிரித்துப்போட்டுக் கிடந்ததில் கம்ப்யூட்டருக்குத் தேதியும் நேரமும் மறந்துபோயிருந்தது, இன்றைக்கு என்ன தேதி, மணி என்ன என்று அவளைக் கேட்டது. வசந்தாமணி திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து என்று சரியாகவே போட்டாள்.